முதல் டிரோன்: தோப்பும் மலையும் எடுக்க 45,000 ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

கேட்டவர்: வாய்க்கால்_கரை

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறேன். தென்னந்தோப்பு, வாய்க்கால், பின்னால் ஆனைமலை என்று நிலக்காட்சி மட்டும் எடுக்க ஒரு கேமரா டிரோன் வேண்டும். கல்யாண ஆர்டர், வியாபாரம் எதுவும் கிடையாது. பட்ஜெட் 45,000 ரூபாய். டிரோன் ரிமோட்டை இதுவரை தொட்டதே இல்லை.

ஆன்லைனில் 4,000 ரூபாய்க்கே “4கே டூயல் கேமரா” என்று போட்டிருக்கிறார்கள். சீன நிறுவனமான டிஜேஐ-யின் மினி 4கே-க்கும் அதற்கும் படத்தில் அவ்வளவு வித்தியாசம் வருமா? அதே பட்ஜெட்டில் செகண்ட் ஹேண்ட் மினி 3 ஒன்றும் வருகிறது. புது மினி 4கே, பழைய மினி 3, இரண்டில் எது? வெளிநாட்டு டிரோனுக்குத் தடை என்கிறார்கள், ஆனால் கடையில் விற்கிறார்கள். எதை நம்புவது? மலைப் பக்கம் பறக்க விடும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

---

பதில்: கிம்பல்_பித்தன்

4,000 ரூபாய் டிரோனை மறந்துடுங்க. அதுல இருக்கிற “4கே” பெரும்பாலும் சின்ன சென்சார்ல எடுத்த 720பி படத்தை சாப்ட்வேர்ல இழுத்துப் பெருசாக்கினது. ஆனா படம்கூட ரெண்டாவது பிரச்னைதான். அதுல ஜிபிஎஸ் கிடையாது. ஸ்டிக்கை விட்டா அதே இடத்துல நிக்காது, காத்து தள்ளுற பக்கம் போய்க்கிட்டே இருக்கும். பேட்டரி ஏழெட்டு நிமிஷம். உங்க ஊர்க் காத்துல தென்னை உயரத்துக்கு மேல போச்சுன்னா திரும்பி வராது. வீட்டுக்குள்ள ஸ்டிக் பழக வேணும்னா ஒண்ணு வாங்கலாம், நிலக்காட்சிக்கு ஆகாது.

நிலக்காட்சிக்கு முதல்ல பார்க்க வேண்டியது மூன்று அச்சு கிம்பல். டிரோன் காத்தை எதிர்த்து நிக்கவே சாய்ஞ்சுதான் நிக்கும். கேமரா உடம்போட ஒட்டியிருந்தா அந்தச் சாய்வெல்லாம் படத்துல வரும். மூன்று அச்சு கிம்பல்னா மூணு குட்டி மோட்டார் அந்தச் சாய்வை எதிர்ப்பக்கம் திருப்பி அடிவானத்தை நேரா வச்சிருக்கும். கல்யாண வீடியோவில அடிவானம் ரெண்டு டிகிரி சாய்ஞ்சா யாரும் கவனிக்க மாட்டாங்க. மலையும் வயலும் இருக்கிற படத்துல முதல் நொடியிலேயே உறுத்தும்.

“இஐஎஸ்”னு போட்டிருந்தா அது சாப்ட்வேர் நிலைப்படுத்தல். வெயில்ல ஓரளவு சமாளிக்கும். சூரிய உதயத்துல ஷட்டர் மெதுவாகிறப்போ ஒவ்வொரு பிரேமும் ஏற்கனவே கலங்கியிருக்கும், அதை எந்த சாப்ட்வேரும் சரி பண்ணாது. நிலக்காட்சிக்கு நல்ல வெளிச்சமே அந்த நேரம்தான்.

மாடல் பேரை வச்சு ஏமாற வேண்டாம். பொடென்சிக் ஆட்டம்ல மூன்று அச்சு கிம்பல் இருக்கு, ஆட்டம் எஸ்இ-ல இல்லை. டிஜேஐ மினி 2 எஸ்இ-ல கிம்பல் இருக்கு, ஆனா வீடியோ 2.7கே வரைதான். டிஜேஐ நியோ 135 கிராம், ஒரே அச்சு கிம்பல், மிச்சம் சாப்ட்வேர். ஆளைப் பின்தொடர்ந்து எடுக்க நல்ல சாமான், மலைக் காத்துக்கு வேண்டாம்.

மினி 4கே-யா மினி 3-யான்னு கேட்டா, படத்துக்கு மினி 3 தான். மினி 4கே-யில 1/2.3 அங்குல சென்சார், எஃப் 2.8 லென்ஸ். மினி 3-ல 1/1.3 அங்குலம், எஃப் 1.7. சென்சார் பரப்பு சுமார் ரெண்டரை மடங்கு. லென்ஸ் விடுற வெளிச்சமும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல். பகல்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வச்சா பெருசா தெரியாது. மலைக்குப் பின்னால சூரியன் போனப்புறம் மினி 4கே-யோட நிழல் பகுதியில புள்ளி புள்ளியா வரும், மினி 3 சுத்தமா இருக்கும். பறக்கும் நேரமும் 31 நிமிஷத்துக்கு எதிரா 38. ஆனா ரெண்டுலயும் முன்பக்கத் தடை சென்சார் கிடையாது. அது மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ பக்கம்தான், உங்க பட்ஜெட்டுக்கு மேல போயிடும்.

---

பதில்: வான்_வரைபடம்

மேலே சொன்னது படத்தைப் பொறுத்தவரை சரி. ஆனால் வாங்கும் முன் தேதியைப் பாருங்கள்.

2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன்களை முழுதாகவோ, பிரித்த தொகுப்பாகவோ இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யத் தடை. ராணுவம், பாதுகாப்பு, ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. மினி 3 வெளிவந்தது 2022 டிசம்பரில், மினி 4கே 2024-இல். இரண்டுமே தடைக்குப் பிறகு பிறந்தவை. ஆகவே இன்று கடையில் இருக்கும் எந்த மினி 3-க்கும் மினி 4கே-க்கும் தனிநபர் பயன்பாட்டுக்கான ஒழுங்கான இறக்குமதி ஆவணம் இருக்க வழியில்லை. கடைக்காரர் “ஒரு வருஷம் வாரண்டி” என்றால் அது அவருடைய வாய் வார்த்தைதான். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மச்சானிடம் சொல்லிவிடும் யோசனையும் வேண்டாம். விமான நிலையச் சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

உங்களுக்கு மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, இந்தியத் தயாரிப்பாக 249 கிராமில் விற்கும் மாடல்கள். இவற்றில் தரம் மிகவும் ஏறி இறங்குகிறது. விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், மூன்று அச்சு கிம்பல், ஜிபிஎஸ் உதவியோடு தானாகத் திரும்பும் வசதி, உதிரி பேட்டரியும் இறக்கையும் தனியாகக் கிடைப்பது, சுருக்காத அசல் வீடியோ கோப்பு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கணினியில் பார்ப்பது, இந்த நான்கும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டாவது வழி, தடைக்கு முன் வாங்கிய செகண்ட் ஹேண்ட் மினி 2. அது 2020 நவம்பரில் வந்தது. சென்சார், 31 நிமிடம், நொடிக்கு 100 மெகாபிட்டில் 4கே என்று எல்லாம் மினி 4கே-யில் இருப்பதேதான். தடைக்கு முன்பும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. எனவே ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் நம்பர், 2022 பிப்ரவரிக்கு முந்தைய தேதி மூன்றும் பொருந்தினால்தான் பணத்தைக் கொடுங்கள்.

பறக்க விடும் விதி: 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை. நானோவுக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் இல்லை. பதிவு எண் எடுக்க வேண்டும். இறக்கைக்குக் காப்பு வளையம் மாட்டினால் எடை 250-ஐத் தாண்டி மைக்ரோ வகைக்குப் போய்விடும், அதன் நிபந்தனைகள் வேறு. மினி 3-க்கு வரும் பெரிய பேட்டரியும் அப்படித்தான், போட்டால் 290 கிராம்.

அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தில் பச்சை என்றால் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில் அது 60 மீட்டர்தான். மஞ்சளுக்கு வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் எடுக்கவே கூடாது. தலைவர்கள் வருகை, தேர்த்திருவிழா போன்ற சமயங்களில் மாநில அரசு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கலாம். அதனால் கிளம்பும் நாளில் மறுபடி பாருங்கள். சூலூர் விமானப்படைத் தளம், அரக்கோணம், தஞ்சாவூர், உச்சிப்புளி, கல்பாக்கம், கூடங்குளம், மகேந்திரகிரி வட்டாரங்களில் “கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கலாம்” என்ற நினைப்பே வேண்டாம்.

உங்கள் ஊருக்கு முக்கியமானது காடு. வரைபடம் பச்சையாக இருந்தாலும் வனச் சட்டம் தனி. டாப்சிலிப், குரங்கருவி, வால்பாறைச் சாலையை ஒட்டிய காடு எல்லாம் ஆனைமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே எடுத்தால் டிரோன் பறிமுதலோடு வழக்கும் வரும். முதுமலை, சத்தியமங்கலம், களக்காடு முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைக்கும் இதுவே. ஆழியாறு அணையின் மேலும் அனுமதி இல்லாமல் வேண்டாம். மாமல்லபுரம், செஞ்சி போன்ற தொல்லியல் துறை இடங்களுக்கு அத்துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

நல்ல செய்தி, மலையை எடுக்க மலைக்குள் போக வேண்டியதில்லை. கோட்டூர், ஆனைமலைப் பக்கத் தோப்புகளில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு 60 மீட்டர் ஏற்றினாலே தென்னை உச்சிகளுக்கு மேல் மலைத்தொடர் முழுசாகக் கிடைக்கும்.

---

பதில்: காத்தாடி

மலைப் பக்கம் பறக்கறதைப் பத்தி மட்டும் சொல்றேனுங்க. இதுலதான் புதுசா வாங்கறவங்க டிரோனைத் தொலைக்கறாங்க.

ஆப்ல காட்டற உயரம் நீங்க ஏத்தின இடத்துல இருந்து கணக்கு, டிரோனுக்கு நேர் கீழ இருக்கற தரையில இருந்து இல்லை. நீங்க அடிவாரத்துல நிக்கறீங்க, டிரோன் 80 மீட்டர்னு காட்டுது, சரிவைப் பாத்து 400 மீட்டர் போனா அங்க தரையே 70 மீட்டர் ஏறியிருக்கும். கீழ இருக்கறது பத்தே மீட்டர். திரையில அது தெரியாது, அகலக் கோண லென்ஸ்ல மரமெல்லாம் தூரமாத்தான் தெரியும்.

தானாத் திரும்பற உயரமும் இதே கணக்குத்தான். சிக்னல் போச்சுன்னா டிரோன் நீங்க வச்ச உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டுல வீட்டுப் புள்ளிக்கு, அதாவது ஏத்தின இடத்துக்கு வரும். நடுவுல குன்று இருந்தா அதுல போய் முட்டும், மினி 2-க்கு முன்னால கண்ணே கிடையாது. மலைமுகட்டுக்குப் பின்னால போனவுடனே சிக்னல் அறும், அந்த நொடியே திரும்ப ஆரம்பிக்கும். அதனால டிரோன் கண்ணுக்குத் தெரியற பக்கத்துலயே இருக்கட்டும், முகட்டைத் தாண்டவே வேண்டாம். தென்னந்தோப்புல திரும்பற உயரம் குறைஞ்சது 40 மீட்டர் வைங்க, பக்கத்துல செல்போன் டவர் இருந்தா அதைவிட 20 மீட்டர் கூட. இறங்கறப்போ ஒண்ணு ரெண்டு மீட்டர் தள்ளி இறங்கும். மட்டைக்குக் கீழ இருந்து ஏத்தாதீங்க, சுத்தி பத்து மீட்டர் வெட்டவெளி வேணும்.

வீட்டுப் புள்ளி பதிவாச்சுன்னு ஆப் சொல்றவரைக்கும் ஏத்தக் கூடாது. அவசரத்துல ஏத்தினா, நடுவானத்துல எங்க சேட்டிலைட் கிடைச்சுதோ அதையே வீடுன்னு எடுத்துக்கும். மொட்டை மாடி, கார் கூரை, மோட்டார் ரூம் சிலாப் மேல வைக்காதீங்க, உள்ள இருக்கற கம்பி காம்பஸைக் குழப்பும். ஏத்தினதும் வட்டம் போட்டுக்கிட்டே விலகுதுன்னா காம்பஸ்தான் காரணம், உடனே இறக்கிடுங்க. செம்மண்ணுல நேரா வச்சாலும் தூசி கிம்பல் மோட்டாருக்குள்ள போகும். கனமான ரப்பர் கார் மிதியடி ஒண்ணு போதும். சாக்கு, தார்ப்பாய் வேண்டாம், இறக்கைக் காத்துல தூக்கிக்கிட்டு வந்து சுத்திக்கும்.

இப்பக் காத்து. பொள்ளாச்சி பாலக்காட்டுக் கணவாய் வாயில இருக்குது. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் மேக்க இருந்து அடிக்கற காத்து மினி மாதிரி எடைக்கு ஒத்துவராது. அது தாங்கற அளவே நொடிக்கு 10.5 மீட்டர், மணிக்கு 38 கி.மீ. சாதாரண மோட்ல அதோட வேகம் மணிக்கு 36 கி.மீ. எதிர்க்காத்து 30 இருந்தா கணக்கைப் பாருங்க, கிட்டத்தட்ட நின்ன இடத்துலயேதான் இருக்கும், பேட்டரி மட்டும் இறங்கும். கீழ இலை அசையலைன்னு நம்பாதீங்க, 80 மீட்டர்ல வேற காத்து.

அதனால எப்பவும் முதல்ல எதிர்க்காத்துல போங்க, வர்றப்போ காத்து உங்களைத் தள்ளிக்கிட்டு வரும். வேணுங்கற உயரத்துக்கு ஏத்தி இருபது நொடி நிறுத்தி, காத்தை எதிர்த்து ஓட்டி வேகம் எத்தனைன்னு திரையில பாத்துட்டு அப்புறம் தூரம் போங்க. காத்து எச்சரிக்கை வந்துட்டா முதல்ல உயரத்தைக் குறைங்க, அப்புறம் வேகமாப் பறக்கற ஸ்போர்ட் மோட். மேலயே நின்னு போராடறதுலதான் பேட்டரி தீரும்.

31 நிமிஷங்கறது காத்தே இல்லாம சீரான வேகத்துல அளந்தது. நிஜத்துல 22, 23 வெச்சுக்கங்க. 40 சதவீதத்துல திரும்புங்க, 20-க்கு மேல இருக்கறப்பவே தரையில இருக்கணும். மேட்டுல நின்னு கீழ பள்ளத்துக்குள்ள இறக்கி எடுக்கறீங்கன்னா இன்னும் முன்னாடியே. சாதாரண மோட்ல நொடிக்கு 3 மீட்டர்தான் ஏறும், 200 மீட்டர் ஏறி வர ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும்.

பருந்து வட்டம் போட்டுதுன்னா நேரா மேல ஏத்துங்க, அதால அந்த வேகத்துல செங்குத்தா ஏற முடியாது. விலகினதும் இறக்கிடுங்க. அன்னிக்கு அந்த இடத்துல மறுபடி ஏத்தாதீங்க, பக்கத்துல கூடு இருக்கும்.

---

கேட்டவர்: வாய்க்கால்_கரை

எல்லோருக்கும் நன்றி. மினி 3 யோசனையை விட்டுவிட்டேன். 2021 பில்லோடு ஒரு மினி 2 பக்கத்தில் வருகிறது, மூன்று பேட்டரியோடு. நேரில் பார்க்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்? எடுக்கும்போது செட்டிங் என்ன வைப்பது? லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி பில்டர் அவசியமா?

---

பதில்: கிம்பல்_பித்தன்

முதல் வேலை, விற்கிறவர் தன்னோட டிஜேஐ கணக்குல இருந்து அந்த டிரோனை உங்க கண் முன்னாடி நீக்கணும். நீக்காம வாங்கினா உங்க கணக்குல இணையாது, ஆளும் போனை எடுக்கலைன்னா மாட்டிக்குவீங்க. பாக்ஸ், பில், டிரோன் மேல இருக்கிற சீரியல் நம்பர் ஒண்ணான்னு பாருங்க.

அப்புறம் ஆன் பண்ணுங்க. கிம்பல் ஒரு சுற்று ஆடி நேரா வந்து நிக்கணும். துடிச்சாலோ ஆப்ல கிம்பல் பிழை வந்தாலோ உள்ள இருக்கிற ரிப்பன் கேபிள் அடிபட்டிருக்கும், விழுந்த டிரோன்ல முதல்ல போறது அதுதான். கை மடங்கிற மூட்டுல நகத்தை வச்சுத் தடவி விரிசல் இருக்கான்னு பாருங்க. நாலு மோட்டாரையும் ஆஃப்ல விரலால மெதுவா சுத்துங்க. ஒண்ணு மட்டும் கரகரன்னா மண்ணு போயிருக்கு. பேட்டரியைத் தட்டையான மேசையில வைங்க. ஆடினா உப்பியிருக்கு, இலவசமா குடுத்தாலும் வேண்டாம். மூணு பேட்டரியையும் ஒவ்வொண்ணா போட்டு ஆப்ல எத்தனை தடவை சார்ஜ் ஆகியிருக்குன்னு பாருங்க. 2021 பேட்டரிக்கு வயசும் கணக்கு, அதனால ஒண்ணு ரெண்டு புதுசா வாங்க விலையில குறைச்சுக் கேளுங்க. மினி 4கே-யோட பேட்டரி மினி 2-க்கும் பொருந்தும். கடைசியா திறந்த இடத்துல மூணு மீட்டர் உயரத்துல அஞ்சு நிமிஷம் நிறுத்தி, அசையாம நிக்குதான்னு பாருங்க.

இறக்கையைப் புதுசா மாத்திடுங்க. மொத்தம் எட்டு தகடு, ரெண்டு வகை. குறி போட்டது குறி இருக்கிற கைக்கு, மத்தது மத்த கைக்கு. மாத்திப் போட்டா ஏறுற நொடியிலேயே கவிழும்.

டிஜேஐ ஃப்ளை ஆப் ஆண்ட்ராய்டு பிளே ஸ்டோர்ல கிடைக்காது, டிஜேஐ தளத்துல இருந்து இறக்கணும். மெமரி கார்டு யு3, வி30ங்கிற வேகக் குறி இருக்கிற 64 ஜிபி போதும். நிமிஷத்துக்கு 0.75 ஜிபி ஆகும், 85 நிமிஷம் வரும்.

---

பதில்: பச்சை_வயல்

செட்டிங் பத்தி. 4கே, 30 பிரேம், மேனுவல், ஐஎஸ்ஓ 100. படத்தின் நிறத்தைத் தீர்மானிக்கும் வெள்ளைச் சமநிலையை ஆட்டோவில் விடாதீர்கள். தோப்பிலிருந்து வானத்துக்குத் திரும்பும்போது ஒரே ஷாட்டுக்குள் பச்சை நீலமாக மாறும், எடிட்டில் திருத்த முடியாது. வெயிலில் 5600 கெல்வினில் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராமை ஆன் செய்து, மேகம் வெளுக்காத அளவுக்கு ஷட்டரை வையுங்கள். நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்கலாம், வெளுத்த மேகத்தை மீட்க முடியாது.

என்டி பில்டரை முதல் மாதமே வாங்க வேண்டாம். நடுப்பகலில் எஃப் 2.8 லென்ஸுக்கு ஷட்டர் 1/2000-க்கு மேல் போகும். அசைவு வெட்டாமல் மென்மையாகத் தெரிய அதை 1/60-க்குக் கொண்டுவர என்டி 32 அல்லது 64 வேண்டும், காலை எட்டு மணிக்கு 16. ஆனால் 80 மீட்டர் உயரத்திலிருந்து எடுக்கும் தூரக்காட்சியில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே எட்டாது. தென்னை உச்சியை உரசி, வாய்க்காலை ஒட்டித் தாழப் பறக்கும்போதுதான் பில்டர் இல்லாத படம் வெட்டி வெட்டித் தெரியும். மாட்டும்போது டிரோன் ஆஃப்பில் இருக்க வேண்டும், கிம்பலை விரலால் திருப்பக் கூடாது. எடை ஏற்கனவே 249 கிராம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பில்டரைவிடப் படத்தைக் காப்பாற்றுவது வேகக் குறைவு. மெதுவாகப் பறக்கும் சினி மோடில் வைத்துக்கொள்ளுங்கள். தாழப் பறக்கும்போது நொடிக்கு 2 மீட்டர், உயரத்தில் 5. பக்கவாட்டில் 90 டிகிரி திரும்ப 15 நொடிக்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் 30 பிரேமில் மரங்கள் துள்ளும். ஒரு ஷாட்டில் ஒரே அசைவு: முன்னால் போவது மட்டும், அல்லது ஏறிக்கொண்டே கேமராவைக் கீழே சாய்ப்பது மட்டும். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நொடி அசையாமல் நிற்கட்டும், எடிட்டில் வெட்ட இடம் வேண்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் 120 மீட்டருக்கு ஏற்றாதீர்கள். அங்கிருந்து தோப்பு வெறும் பச்சைப் பரப்பு. 25 முதல் 40 மீட்டரில்தான் முன்னால் மட்டை, நடுவில் வாய்க்கால், பின்னால் மலை என்று ஆழம் கிடைக்கும்.

வாய்க்காலின் மேல் ஐந்து மீட்டருக்குக் கீழே போகாதீர்கள். ஓடும் நீரைத் தரை என்று நினைத்து அடிப்பக்க சென்சார் டிரோனை நீரோடு இழுக்கும். டிசம்பர், ஜனவரி அதிகாலையில் காற்று குறைவு, மலையடிவாரப் பனியும் அழகு. ஆனால் பனிக்குள் நுழைக்க வேண்டாம், மினிக்கு ஈரப் பாதுகாப்பு எதுவும் இல்லை. பனியின் மேல் விளிம்புக்கு மேலேயே நிறுத்தி எடுங்கள். இறக்கிய பின் இறக்கையில் ஈரம் இருந்தால் துடைத்து, பேட்டரியைக் கழற்றிக் காய விட்டுவிட்டு அடுத்த பேட்டரியைப் போடுங்கள். பேட்டரியை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். பத்து நாளைக்குமேல் பறக்கப் போவதில்லை என்றால் 50, 60 சதவீதத்தில் நிறுத்தி நிழலில் வையுங்கள்.